காம்பவுண்டு சுவரும் கம்பவுண்டரும்: பெயருக்கு ஓர் ஒலி, வினைக்கு ஓர் ஒலி என்று மாறும் ஆங்கிலச் சொற்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

திருப்பூரில் மாலை நேரத்தில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். வருபவர்கள் பெரும்பாலும் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராகவும் கணக்கெழுதவும் பேக்கிங் பிரிவிலும் வேலை பார்ப்பவர்கள். இலக்கணம் ஓரளவு தெரியும், எழுதவும் வரும், ஆனால் ஃபோனில் வெளிநாட்டுக்காரர் ஒரு முறை “சாரி?” என்று கேட்டுவிட்டால் அடுத்த வார்த்தை வராது. அந்த “சாரி?”க்கு ஒரு பெரிய காரணம் இந்தச் சொற்கள்தான். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

படிக்கும் முன் இரண்டு குறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டுமோ அதற்கு முன்னால் ஒரு சிறு கோடு (') போட்டிருக்கிறேன். அப்புறம், ஆங்கிலத்தின் கடைசி எழுத்தான இசட்டின் ஒலிக்கு நம்மிடம் எழுத்து கிடையாது, அதை ஃஜ் என்று எழுதியிருக்கிறேன்.

ஒரே எழுத்துக்கூட்டு, இரண்டு உச்சரிப்பா? எப்படி?

ஆமாம். ரெக்கார்டு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பதிவேடு, சாதனை, இசைத்தட்டு என்று ஒரு பொருளின் பெயராக வந்தால் 'ரெகார்ட், அழுத்தம் முதல் அசையில். பதிவு செய் என்ற வினையாக வந்தால் ரி'கார்ட், அழுத்தம் இரண்டாவது அசைக்குப் போய்விடும், முதல் அசையின் “ரெ” சுருங்கி “ரி” ஆகிவிடும். எழுத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. அதனால்தான் புத்தகத்தில் மட்டும் ஆங்கிலம் படித்தவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போகிறது.

பொதுவான போக்கு இதுதான்: பெயராகவும் வினையாகவும் வரும் இரண்டு அசைச் சொல் இப்படி ஒலி மாறுகிறது என்றால், பெயருக்கு அழுத்தம் தலையில், வினைக்கு அழுத்தம் வாலில்.

அழுத்தம் என்றால் சத்தமாகச் சொல்வதா?

எல்லோரும் முதலில் செய்யும் தவறு இது. அந்த அசையில் கத்துகிறார்கள், மற்ற அசையையும் முழுசாகவே சொல்கிறார்கள். கேட்பவருக்கு இரண்டு அசையும் சமமாகத்தான் விழும். ஆங்கில அழுத்தத்தில் சத்தம் ஒரு சிறு பகுதிதான். அந்த அசை கொஞ்சம் நீளும், குரல் கொஞ்சம் மேலே ஏறும், அதைவிட முக்கியமாக, அழுத்தம் இல்லாத அசையின் உயிரொலி தேய்ந்துபோகும்.

தேய்வது நமக்குப் புதிதில்லை. “பட்டு” என்று சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு உதடு முழுசாகக் குவிவதில்லை, அரை மாத்திரையில் முடிந்துவிடுகிறது. குற்றியலுகரம் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். “பசு” என்று சொன்னால் உதடு குவிகிறது, அது முற்றியலுகரம். பட்டில் வரும் அந்தத் தேய்ந்த உகரத்தை எப்படி விழுங்குகிறோமோ அப்படித்தான் ஆங்கிலக்காரர்கள் அழுத்தம் இல்லாத அசையை விழுங்குகிறார்கள். அதனால் நான் வகுப்பில் “இங்கே அழுத்து” என்று சொல்வதைக் குறைத்துவிட்டு, “அங்கே விழுங்கு” என்று சொல்கிறேன். அது உடனே வேலை செய்கிறது.

பதினைந்து வருடம் ஆங்கிலம் படித்தும் இது ஏன் நம் காதில் விழவில்லை?

இதற்கு நான் கண்ட காரணம் “பண்ணு”. தமிழ் ஆங்கிலச் சொல்லை வாங்கும்போது பெரும்பாலும் ஒரே ஒரு வடிவத்தைத்தான் வாங்குகிறது, வினை வேண்டுமென்றால் அதோடு பண்ணு சேர்த்துக்கொள்கிறது. ரெக்கார்டு, ரெக்கார்டு பண்ணு. எக்ஸ்போர்ட், எக்ஸ்போர்ட் பண்ணு. யூஸ், யூஸ் பண்ணு. வினை வேலையை “பண்ணு” செய்துவிடுவதால் ஆங்கிலச் சொல் தன் ஒலியை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை. மொழி என்ற வகையில் இது மிக அழகான ஏற்பாடு, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலத்திலேயே பேசும்போது பின்னால் வர “பண்ணு” கிடையாது. அங்கே சொல்தான் தன் ஒலியால் நான் பெயரா வினையா என்று காட்டியாக வேண்டும்.

இன்னொரு காரணம், தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. “மரம்” என்பதை எங்கே அழுத்தினாலும் மரம்தான். குறில் நெடில் மாறினால்தான் நமக்குப் பொருள் மாறும்: கல், கால். அதனால் நம் காது நீளத்தைக் கவனிக்கும், அழுத்தத்தைக் கவனிக்காது.

அப்படியென்றால் நம் காதுக்கு இது அறவே புதியதா?

இல்லவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வீட்டைச் சுற்றி இருப்பது காம்பவுண்டு சுவர். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்தவர் கம்பவுண்டர். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்துக்களில்தான் தொடங்குகின்றன. பிறகு ஏன் ஒன்றை “காம்” என்றும் மற்றதை “கம்” என்றும் எழுதுகிறோம்? காம்பவுண்டு பெயர்ச்சொல், அழுத்தம் முதல் அசையில், அதனால் அந்த உயிர் முழுசாகக் கேட்கும்: 'காம்பவுண்ட். கலப்பது என்பது வினை, அழுத்தம் இரண்டாவது அசையில், முதல் அசை தேய்ந்துவிடும்: கம்'பவுண்ட். அந்த வினையோடு “அர்” சேர்த்தால் கலப்பவர், கம்'பவுண்டர். சுவரைக் குறிக்கும் சொல் மலாய் மொழியின் கம்போங் என்பதிலிருந்து வந்தது என்றே பலரும் சொல்கிறார்கள், மருந்து கலப்பதோ லத்தீன் வழி வந்தது. ஆனால் ஆங்கில உச்சரிப்பில் இரண்டும் ஒரே அச்சில் சேர்ந்துவிட்டன. ஆங்கிலப் பள்ளிக்கே போகாத நம் பெரியவர்கள் இந்த வித்தியாசத்தைக் காதால் கேட்டு, அப்படியே தமிழில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு ஜோடி, காண்ட்ராக்டும் கண்டக்டரும். காண்ட்ராக்ட் ஓர் ஒப்பந்தம், பெயர், முதல் அசையில் அழுத்தம், அதனால் “காண்”. கண்டக்டரில் இருப்பது கன்'டக்ட், நடத்திச் செல் என்ற வினை, முதல் அசை தேய்ந்தது, அதனால் “கண்”. கண்ட்ரோல், கம்ப்யூட்டர் என்று எழுதுவதும் காங்கிரஸ் என்று எழுதுவதும் இதே காதின் வேலைதான். எழுத்தைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் நாம் இதைத் தொலைத்தோம்.

எந்தச் சொற்களை முதலில் பழக வேண்டும்?

உங்கள் வேலையில் தினமும் வாயில் வருபவற்றை. ஊருக்கெல்லாம் ஒரே பட்டியல் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் ஊருக்கு என்றால் இம்போர்ட், எக்ஸ்போர்ட் இரண்டும் முதலில்: 'எக்ஸ்போர்ட் என்றால் ஏற்றுமதி, எக்ஸ்'போர்ட் என்றால் ஏற்றுமதி செய். அடுத்து ரிஜெக்ட். காதர்பேட்டையில் குவித்து வைத்து விற்கும் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் சட்டை இருக்கிறதே, அந்தக் கழித்த சரக்கு ஆங்கிலத்தில் 'ரீஜெக்ட், முதல் அசை நன்றாக நீளும். கழித்துத் தள்ளுவது ரி'ஜெக்ட். நாம் இரண்டுக்கும் ரிஜெக்ட் என்றே சொல்கிறோம். “பத்து 'ரீஜெக்ட்ஸ் இருக்கின்றன” என்று சொல்ல வேண்டிய இடத்தில் ரி'ஜெக்ட்ஸ் என்று சொன்னால், யாரோ எதையோ கழிக்கிறார் என்று எதிர்முனையில் இருப்பவர் வினைக்குக் காத்திருப்பார்.

அப்புறம் ரீஃபண்டு: திரும்பக் கிடைக்கும் பணம் 'ரீஃபண்ட், திருப்பிக் கொடு என்பது ரி'ஃபண்ட். டிஸ்கவுண்ட், இன்க்ரீஸ், டிக்ரீஸ், டிரான்ஸ்போர்ட், பெர்மிட், சர்வே, காண்ட்ராஸ்ட் எல்லாம் இதே வழியில் போகும்.

அலுவலகத்தில் வருபவை: ப்ராஜெக்ட் பெயராக 'ப்ராஜெக்ட், திரையில் காட்டு அல்லது முன்கணி என்றால் ப்ர'ஜெக்ட். பரிசும் நிகழ்காலமும் 'ப்ரெஃஜன்ட், முன்வைத்துப் பேசு என்பது ப்ரி'ஃஜென்ட். பொருள் 'ஆப்ஜெக்ட், ஆட்சேபி அப்'ஜெக்ட். புரோட்டெஸ்ட், புரோகிரஸ், சஸ்பெக்ட், இன்சல்ட் என்று இன்னும் நிறைய உண்டு.

பொருளே முழுசாக மாறிவிடும் சிலதைத் தனியாகக் கவனியுங்கள். மறு என்பது ரி'ஃப்யூஃஜ், ஆனால் 'ரெஃப்யூஸ் என்றால் குப்பை. பாலைவனம் 'டெஃஜர்ட், கைவிட்டுப் போ டி'ஃஜர்ட், சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இனிப்புக்கும் இதே டி'ஃஜர்ட் ஒலிதான், எழுத்து மட்டும் வேறு. உற்பத்தி செய் ப்ர'ட்யூஸ், 'ப்ராட்யூஸ் என்றால் காய்கறி, பழம், விளைபொருள். வெளிநாட்டுக் கடைகளில் அப்படி ஒரு தனிப் பகுதியே இருக்கும்.

தமிழில் இப்படி ஏதாவது உண்டா? பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டும்.

உண்டு, மிக நெருக்கமாகவே உண்டு. கெடு என்பது வினை, கேடு என்பது பெயர். படு, பாடு. பெறு, பேறு. சுடு, சூடு. வினையின் முதல் எழுத்து நீண்டால் பெயராகிவிடுகிறது. இலக்கணத்தில் இதற்கு முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பெயர். ரி'கார்ட் 'ரெகார்ட் ஆவதையும் இப்படியே நினைத்துக்கொள்ளலாம்: பெயர் ஆகும்போது முதல் அசைக்குக் கனம் வருகிறது. இரண்டு மொழிக்கும் வரலாற்றில் தொடர்பு ஒன்றுமில்லை, ஆனால் நினைவில் நிறுத்த இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

மாறாமலே இருப்பதும் நம்மிடம் உண்டு. அடி, உதை, இடி: அடித்தாலும் அடி, வாங்கினாலும் அடி. அது முதனிலைத் தொழிற்பெயர். ஆங்கிலத்திலும் அப்படி ஏராளம், கீழே சொல்கிறேன்.

யூஸ் என்பதில் அழுத்தம் மாற ஒரே ஓர் அசைதானே இருக்கிறது? அங்கே என்ன மாறுகிறது?

கடைசி மெய் மாறுகிறது. பயன் என்ற பெயர் யூஸ், பயன்படுத்து என்ற வினை யூஃஜ். வீடு ஹவுஸ், குடியமர்த்து ஹவுஃஜ். சாக்கு எக்ஸ்'க்யூஸ், மன்னி எக்ஸ்'க்யூஃஜ். அப்யூஸும் இப்படித்தான். க்ளோஸ் கொஞ்சம் வேறு: அருகில் என்ற பொருளில் க்ளோஸ், மூடு என்ற பொருளில் க்ளோஃஜ். நாம் “கடையை க்ளோஸ் பண்ணிட்டாங்க” என்று ஸ் ஒலியோடு சொல்லிப் பழகியதால் ஆங்கிலத்திலும் அதே ஸ் வந்துவிடுகிறது.

எழுத்திலேயே வித்தியாசம் தெரிபவையும் உண்டு. அட்'வைஸ் அறிவுரை, அட்'வைஃஜ் அறிவுரை சொல். டிவைஸ் கருவி, டிவைஃஜ் திட்டமிட்டு உருவாக்கு. பிலீஃப், பிலீவ். ப்ரூஃப், ப்ரூவ். ஆனால் ப்ராக்டிஸ், லைசென்ஸ் இரண்டிலும் ஏமாந்துவிடாதீர்கள்: பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டில் பெயரும் வினையும் ஓர் எழுத்து மாறும், உச்சரிப்பு துளியும் மாறாது.

எனக்கு ஸ், ஃஜ் இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. என்ன செய்ய?

போன மழைக்காலத்தில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் இதையேதான் கேட்டாள். “மிஸ், நீங்க ரெண்டு தடவையும் ஒண்ணாத்தான் சொல்றீங்க.” சரி என்று பக்கத்தில் உட்காரவைத்து, அவள் விரல் இரண்டையும் அவள் தொண்டையிலேயே வைக்கச் சொன்னேன். முதலில் பாம்பு சீறுவது போல ஸ்ஸ்ஸ். விரலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் நாக்கை அசைக்காமல், அதே சீறலோடு தொண்டையில் குரலைச் சேர்க்கச் சொன்னேன், வண்டு ரீங்கரிப்பது போல. மூன்றாவது முறை விரலில் அதிர்வு வந்தது. சட்டென்று விரலை எடுத்துப் பார்த்தாள், திரும்ப வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு வகுப்பு முடியும்வரை கையைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை.

இதைக் காதால் கற்க முயன்றால் நாளாகும், விரலால் கற்றால் ஒரே மாலையில் வரும். ஜ என்று சொல்லிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜ சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டி எடுக்கும். இதில் நாக்கு எங்கேயும் ஒட்டாது, காற்று நிற்காமல் வரும்.

இன்னொரு உதவி: ஆங்கிலத்தில் ஃஜ் முன்னால் வரும் உயிர் கொஞ்சம் நீளும், ஸ் முன்னால் வரும் உயிர் கொஞ்சம் குறுகும். கடைசி மெய் சரியாக வராவிட்டாலும் யூ..ஃஜ் என்று உயிரை நீட்டினாலே கேட்பவர் வினை என்று பிடித்துக்கொள்வார். நீளத்தில் நாம் கெட்டிக்காரர்கள்தானே.

ஹவுஸ், ஹவுஃஜ் ஆனது எதனால்?

பழைய ஆங்கிலத்தில், சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன்னால், ஸ் ஒலி இரண்டு உயிரொலிக்கு நடுவே மாட்டிக்கொண்டால் தானாகவே ஃஜ் ஆகிவிடும். வீடு என்பது “ஹூஸ்”, பின்னால் உயிர் இல்லை, அதனால் ஸ். குடியமர்த்து என்பது “ஹூஸியன்” என்று எழுதப்பட்டது, பின்னால் உயிர் வந்துவிட்டது, அதனால் ஒலி ஃஜ். பிற்காலத்தில் அந்த “இயன்” விகுதி உதிர்ந்துபோனது, ஆனால் அது மாற்றிவிட்டுப் போன ஒலி அப்படியே தங்கிவிட்டது. ஃப் என்பது வ் ஆனதும் இதே கதை. நைஃப் என்பதன் பன்மை நைவ்ஃஜ் என்று வருவதும் இதனால்தான். யூஸ், எக்ஸ்க்யூஸ் போன்றவை பிரெஞ்சிலிருந்து வந்தவை, அங்கேயும் வினைக்குப் பின்னால் ஓர் உயிர் இருந்தது.

இதையும் நாம் தினமும் செய்கிறோம். “பக்கம்” என்பதில் வரும் க்க வன்மையாக ஒலிக்கிறது. “பகல்” என்பதில் அதே க இரண்டு உயிருக்கு நடுவில் வருவதால் மென்மையாகிவிடுகிறது. பட்டம், படம். பத்து, பதில். யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்கிறோம். பழைய ஆங்கிலம் பேசியவர்களும் அப்படித்தான், தங்கள் நாக்கு மாறுவதை உணராமலே பேசினார்கள்.

அழுத்தம் மாறுவதற்கும் இப்படி ஒரு வரலாறு உண்டா?

உண்டு. ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்து மொழி. அந்தக் குடும்பத்தில் பெயர்ச்சொல்லுக்கு முதல் அசையில் அழுத்தம் விழுவது பழைய வழக்கம், வினைக்கு முன்னொட்டு வந்தால் அதை அழுத்தமில்லாமல் விட்டுவிட்டு அடிச்சொல்லை அழுத்துவார்கள். பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் முன்னொட்டோடு ஏராளமான சொற்கள் உள்ளே வந்தபோது, அவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பழைய வழக்கத்துக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

“கொஞ்சம் கொஞ்சமாக” என்று சும்மா சொல்லவில்லை. 1570-இல் பீட்டர் லெவின்ஸ் என்பவர் ஒத்த ஓசையில் முடியும் சொற்களைத் தொகுத்து ஓர் அகராதி வெளியிட்டார், அதில் அழுத்தக் குறியும் போட்டார். டொனால்டு ஷெர்மன் என்ற மொழியியல் ஆய்வாளர் அந்த அகராதியிலிருந்து தொடங்கி, பிற்கால அகராதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து 1975-இல் ஒரு கணக்கு கொடுத்தார். லெவின்ஸ் காலத்தில் இப்படி மாறிய சொற்கள் மூன்றே மூன்று: அவுட்லா, ரெபல், ரெகார்ட். 1582-இல் எட்டு. 1660-இல் 24. 1700-இல் 35. 1800-இல் 70. 1934-இல் 150. அந்த முதல் மூன்றில் அவுட்லா இன்று இரண்டு பொருளிலும் முதல் அசை அழுத்தத்துக்கே வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

ஆக, இது யாரும் உட்கார்ந்து எழுதிய விதி இல்லை. ஒரு சொல் மாறியது, அதைப் பார்த்து அடுத்தது மாறியது. “எல்லாச் சொல்லும் ஏன் ஒரே மாதிரி நடப்பதில்லை?” என்று கோபப்படுபவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

அப்படியானால் பெயரும் வினையுமாக வரும் எல்லாச் சொல்லுக்கும் இதைப் போட்டுவிடலாமா?

வேண்டவே வேண்டாம். மாறாதவைதான் மிக அதிகம். ரிப்போர்ட், ரிப்ளை, ரிக்வெஸ்ட், ரிசல்ட், சப்போர்ட், கண்ட்ரோல், டிமாண்ட், மிஸ்டேக், ரிப்பேர், டிலே: எப்போதும் கடைசி அசையில்தான் அழுத்தம். ஆன்ஸர், விசிட், ப்ராமிஸ், காப்பி, நோட்டீஸ், காமென்ட், ஃபோகஸ்: எப்போதும் முதல் அசையில். விதியைக் கற்ற புதிதில் ஆர்வத்தில் 'ரீபோர்ட் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். முன்பு சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த சொல்லும் கெட்டுப்போகும். சந்தேகமாக இருந்தால் அகராதியில் கேளுங்கள்.

எஸ்டிமேட், டூப்ளிகேட் இவையும் இந்தக் கணக்கில் வருமா?

வரும், ஆனால் வேறு வழியில். இங்கே அழுத்தம் இடம் மாறாது, கடைசி உயிர் மட்டும் மாறும். மதிப்பிடு என்ற வினை 'எஸ்டிமேட். மதிப்பீடு என்ற பெயர் 'எஸ்டிமட், கடைசி அசை தேய்ந்துவிடும். தமிழில் நாம் எல்லாவற்றையும் “மேட்”, “கேட்” என்றே எடுத்துக்கொண்டோம். கொத்தனாரிடம் எஸ்டிமேட் கேட்கும்போது நாம் உண்மையில் வினையின் ஒலியைச் சொல்கிறோம்! டூப்ளிகேட் சாவி ஆங்கிலத்தில் 'ட்யூப்ளிகட் சாவி. பட்டதாரி 'க்ராஜுவட், பட்டம் பெறு 'க்ராஜுவேட். வழக்கறிஞர் 'அட்வகட், பரிந்து பேசு 'அட்வகேட். தனி என்பது 'செப்ரட், பிரி என்பது 'செபரேட். சர்டிஃபிகேட், சாக்லேட் இரண்டுக்கும் வினைச் சிக்கல் இல்லை, ஆனால் அவையும் கடைசியில் “கட்”, “லட்” என்றே முடியும்.

ரெகார்டிங், புரொடியூசர் என்று பின்னால் ஏதாவது ஒட்டினால்?

எதிலிருந்து பிறந்ததோ அதன் அழுத்தம். பதிவு செய்வது என்ற வினையிலிருந்து வந்ததால் ரி'கார்டிங், ரி'கார்டர். ப்ர'ட்யூஸர். ப்ர'ஜெக்டர். வடிவத்தில் பெயர் மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது வினை, நம் கம்பவுண்டரைப் போலவே. ஊர்த் திருவிழாக்களில் ஆடுவதைச் சிலர் ரெக்கார்டு டான்ஸ் என்றும் சிலர் ரிக்கார்டு டான்ஸ் என்றும் சொல்கிறார்கள். அது இசைத்தட்டைப் போட்டு ஆடுவது, ஆகவே ஆங்கிலக் கணக்குப்படி “ரெ”தான். தமிழில் எப்படிச் சொன்னாலும் சரி.

பெயரடை வந்தால் எந்தப் பக்கம்?

பெரும்பாலும் பெயரின் பக்கம். ஆஜர் இல்லாத என்ற ஆப்ஸென்ட் 'ஆப்ஸன்ட், வராமல் இரு என்ற வினை அப்'ஸென்ட். பெர்ஃபெக்ட், ஃப்ரீக்வென்ட் இரண்டும் அப்படியே. ஆனால் கான்டென்ட் இதற்கு நேர் எதிர்: உள்ளடக்கம் 'கான்டென்ட், மனநிறைவான என்ற பெயரடை கன்'டென்ட். இன்வாலிட் பாஸ்வேர்டு என்று தினமும் பார்க்கிறோமே, செல்லாத என்ற பொருளில் அது இன்'வாலிட். 'இன்வலிட் என்றால் நோயாளி. மினிட் என்பதும் அப்படித்தான், நிமிடம் 'மினிட், மிகச் சிறிய என்றால் மை'ன்யூட்.

விண்ட், டியர், லெட் இவையும் இதே வகையா?

இல்லை. காற்று விண்ட், சுற்று வைண்ட். கண்ணீர் டியர், கிழி டேர். ஈயம் லெட், வழிநடத்து லீட். இவை வெவ்வேறு சொற்கள், எழுத்தில் தற்செயலாக ஒன்றாகிவிட்டன. ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

பிரிட்டிஷ்காரர் ஒன்று சொல்கிறார், அமெரிக்கர் இன்னொன்று சொல்கிறார். யாரைப் பின்பற்றுவது?

ரி'சர்ச் என்பதுதான் பிரிட்டனில் பழைய வழக்கம், அமெரிக்காவில் பெயரை 'ரீசர்ச் என்பது சாதாரணம், இப்போது பிரிட்டனிலும் அது நிறையக் கேட்கிறது. முகவரி பிரிட்டனில் அ'ட்ரெஸ், அமெரிக்கர் பலருக்கு 'ஆட்ரெஸ். அந்த 1570-இல் தொடங்கிய நகர்வு இன்னும் நிற்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் யாரோடு அதிகம் பேசுகிறீர்களோ அவர்கள் சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் உச்சரிப்பு நமக்கு. எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். என் முதல் வேலையில் ஒரு மேலதிகாரி, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், ஒரு பெண்ணை ஒரே சொல்லை ஆறு முறை சொல்லவைத்தார். அந்தப் பெண் அதற்குப் பிறகு கூட்டங்களில் வாயே திறக்கவில்லை. உச்சரிப்பை வைத்து ஒருவரை அவமானப்படுத்துவது கேவலமான செயல், அதைச் செய்பவர்களுக்காக நான் வகுப்பு எடுக்கவில்லை. தமிழ் வாடையோடு ஆங்கிலம் பேசுவதில் ஒரு குற்றமும் இல்லை. நம் ஊருக்குள், இந்தியர்களுக்குள் பேசும்போது இதெல்லாம் தேவையே இல்லை, ஒருவருக்கொருவர் நன்றாகவே புரிகிறது.

ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர் சொல்லை அடையாளம் காண்பதே பெரிதும் அழுத்தத்தை வைத்துத்தான். அழுத்தம் இடம் மாறினால் அவருக்கு அது வேறு சொல்லாகவோ சொல்லே இல்லாததாகவோ கேட்கும். நம் ஊரில் யாராவது “கல்லில் செருப்பு போட்டேன்” என்றால் ஒரு கணம் முழிப்போம் இல்லையா, அந்த மாதிரி. ஸ், ஃஜ் தவறினால் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள், அழுத்தம் தவறினால்தான் “சாரி?” வரும். எனவே நேரம் குறைவாக இருப்பவர்கள் அழுத்தத்தை மட்டும் பழகினாலே போதும் என்பது என் கருத்து.

பேசும் வேகத்தில் பெயரா வினையா என்று யோசிக்க நேரம் எங்கே?

யோசிக்க வேண்டாம், முன்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். த, எ, மை, திஸ் வந்தால் பெயர், தலையில் அழுத்தம். டு, வில், கேன், டோன்ட் வந்தால் வினை, வாலில் அழுத்தம். தனிச் சொல்லாகப் பழகாமல் இந்தச் சிறு சொல்லோடு சேர்த்தே பழகுங்கள்: த 'ரெகார்ட், டு ரி'கார்ட். த 'பெர்மிட், டு பர்'மிட். பஸ்ஸில் போகும்போது மெதுவாக உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே போகலாம்.

அகராதியில் எப்படிப் பார்ப்பது?

பெயருக்கும் வினைக்கும் தனித்தனி உச்சரிப்பு கொடுத்திருப்பார்கள், பெரும்பாலானவர்கள் மேலே உள்ள முதல் ஒன்றை மட்டும் அழுத்திக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கீழே இறங்கி வினைப் பகுதிக்கும் போங்கள். மேலே நிற்கும் சிறு கோடு எந்த அசைக்கு முன்னால் இருக்கிறதோ அந்த அசையில் அழுத்தம். கீழே ஒரு கோடு வந்தால் அது இரண்டாம்தர அழுத்தம், இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஃபோனில் எழுத்தை வாசித்துக் காட்டும் குரலை மட்டும் நம்பாதீர்கள். அதுவும் முதலில் பெயரா வினையா என்று கண்டுபிடித்துத்தான் வாசிக்க வேண்டும், சில வாக்கியங்களில் தடுமாறுகிறது.

பழக ஒரு வாக்கியம் கொடுங்கள்.

தொண்டையில் விரல் வைத்த அந்தப் பெண் தானே உண்டாக்கிக்கொண்டதையே தருகிறேன். அவள் வேலையிலிருந்து எடுத்தது: “வீ ரி'ஜெக்டட் ஃபைவ் பீஸஃஜ், ப்ளீஃஜ் ரி'கார்ட் த 'ரீஜெக்ட்ஸ் இன் த 'ரெகார்ட்.” ஐந்து பீஸைக் கழித்திருக்கிறோம், கழித்ததைப் பதிவேட்டில் பதிந்துகொள்ளுங்கள் என்று பொருள். முதலில் மிக மெதுவாக, அழுத்தம் விழும் இடத்தில் மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். அவள் அட்டைப் பெட்டியின் மேல் தட்டிக்கொண்டே பழகியதாகச் சொன்னாள்.